வாசகர் கேள்வி-பதில்: கொழும்பு, பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய பாட்ஸ் கடை விலைக்கு வருகிறது

கேள்வி:
எனக்கு 38 வயது. கடந்த 14 ஆண்டுகளாகக் கிராண்ட்பாஸில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். பஞ்சிகாவத்தையில் பழைய கார்களின் பாவித்த உதிரிப்பாகங்களை விற்கும் கடை ஒன்று விலைக்கு வந்துள்ளது. மொறிஸ் மைனர், ஒஸ்டின், பியஜோ, பியட், வொக்ஸ்வாகன் ஆகியவற்றின் சாமான்களே அங்கு அதிகம். கடை முதலாளிக்கு 71 வயதாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். அவருடைய மருமகன் (சகோதரியின் மகன்) தான் இப்போது கடையில் உதவியாக இருக்கிறார். முதலாளி 1 கோடி 80 இலட்சம் ரூபாய் கேட்கிறார். சாமான்களுக்கு 120 இலட்சம், கடை இடத்தின் கீ மணிக்கு (இடத்தைக் கைமாற்றுவதற்கு வாங்கும் பணம்) 35 இலட்சம், பெயருக்கும் வாடிக்கையாளருக்கும் 25 இலட்சம் என்று கணக்குச் சொல்கிறார். என்னிடம் 70 இலட்சம் இருக்கிறது. மிகுதியை வங்கிக் கடனாகப் பெறலாம் என நினைக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு வியாபாரம் நடக்கிறது என்றும் அவர் கூறுகிறார். வாங்கலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்:
வாங்கலாம். ஆனால் அவர் சொல்லும் கணக்கின்படி வாங்க வேண்டாம். மூன்று தலைப்புகளில் அவர் போட்டிருக்கும் விலைகளுள் எதுவும் நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் பொருளுக்கு உரியதல்ல. இத்தகைய கடையில் விலைமதிப்புள்ளவை இரண்டே இரண்டுதான். எந்தச் சாமான் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று அந்தப் பெரியவருக்கு இருக்கும் அறிவு முதலாவது. அந்த இடத்தில் தொடர்ந்து கடை நடத்துவதற்கான சட்டபூர்வ உரிமை இரண்டாவது. அலுமாரிகளில் இருப்பவை அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் சாமான்களைப் பார்ப்போம். ஒருமுறை நண்பர் ஒருவருக்காக இதே மாதிரியான ஒரு கடையின் இருப்பைக் கணக்கெடுக்கச் சென்றிருந்தேன். உறை பிரிக்காத வீல் சிலிண்டர் ரப்பர் கிட்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பட்டியலில் அவற்றுக்குப் புதிய சாமானின் விலையே போடப்பட்டிருந்தது. ஒன்றைப் பிரித்து, மெழுகுத்தாளுக்குள் இருந்த ரப்பர் கிண்ணத்தை இரண்டு விரல்களால் மெதுவாக அழுத்தினேன். விளிம்பு முழுவதும் வெடிப்பு விழுந்தது. அடுத்ததைப் பிரித்தேன், அது இரண்டாக ஒடிந்தது. அந்தப் பெட்டி முழுவதையும் பட்டியலிலிருந்து நீக்கினோம். பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், ஒயில் சீல், தக்கைக் கேஸ்கட், கண்ணாடி பீடிங் ஆகியவற்றின் ஆயுளைக் காலமே தின்றுவிடுகிறது. பாவிக்கப்படாவிட்டாலும் அவை பழையவைதான், பிரேக்கில் பூட்டினால் ஆபத்தானவையும்கூட. இவற்றின் விலையைப் பூச்சியம் என்றே எழுதுங்கள்.

காலத்தால் கெடாத இரும்பும் இருக்கிறது. ஸ்டியரிங் ரெக், பின் அச்சிலுள்ள டிஃப் (டிஃபரன்ஷியல்) சக்கரங்கள், பிரேக் டிரம், கியர் பெட்டி, எஞ்சினைச் சுழற்றும் தண்டான கிராங்க் போன்றவற்றுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 14 ஆண்டுகள் கராஜில் நின்ற உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை என்றாலும், விலை பேசும் நேரத்தில் மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மொறிஸ் மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினின் கிராங்க் ஏற்கெனவே 40 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரைக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை அரைப்பதற்கு அதில் இடமில்லை. 10 தவு கிராங்கையும் 40 தவு கிராங்கையும் ஒரே விலையில் கணக்கெடுப்பது நியாயமல்ல. டிஃப்புக்குள் இருக்கும் குரோன் சக்கரமும் பினியனும் ஒரே சோடியாக இல்லாவிட்டால் இரண்டுமே பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். 948 சீசீ மைனரின் டிஃப் 4.55 விகிதம், 1098 சீசீ மைனரின் டிஃப் 4.22 விகிதம். முன் பிரேக் டிரம்மும் முன்னதில் 7 அங்குலம், பின்னதில் 8 அங்குலம். "மைனர் டிஃப் 11, டிரம் 20" என்று மொத்தமாக எழுதப்பட்ட பட்டியலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த மாதிரிக்கு எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

நல்ல சாமானுக்கும் அடுத்ததாக ஒரு கேள்வி உண்டு: அது ஆண்டுக்கு எத்தனை விற்கிறது? பில் புத்தகத்தின்படி ஆண்டுக்கு 3 டைனமோ ஆமேச்சர் விற்கும் கடையில் 36 ஆமேச்சர் இருந்தால், அது 12 ஆண்டுக்கான இருப்பு. நீங்கள் வங்கிக்கு வட்டி கட்டும் பணத்தை 12 ஆண்டுக்கு அலுமாரியில் பூட்டி வைக்க முடியாது. ஆகவே கடந்த 3 ஆண்டுகளின் பில் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, 2 ஆண்டுக்குள் விற்கக்கூடிய அளவுக்கு மட்டும் முழுமையான மதிப்புக் கொடுங்கள். அதற்கு மேற்பட்டதைத் தனியாக ஒரு பட்டியலில் போட்டு, முதலாளியின் சொத்தாகவே வைத்திருந்து, விற்கும்போது அவருக்கு ஒரு பங்கு கொடுப்பதாக உடன்படுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள். தாம் பாதுகாத்து வைத்த சாமான் பழைய இரும்புக்குப் போகவில்லை என்பதே அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இங்கு ஒரு விடயத்தில் முதலாளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்தது. அதற்கு முன்பு அவர் இறக்குமதி செய்த சாமான் புத்தகத்தில் பழைய விலையிலேயே இருக்கும். அதை இன்று வெளியிலிருந்து எடுப்பதென்றால் கூடுதலாகவே செலவாகும். ஆகவே விரைவாக விற்பனையாகும் நல்ல சாமானுக்கு அவர் புத்தக விலையை விடக் கூடுதலாகக் கேட்டால் அதை அநியாயம் என்று கருதாதீர்கள்.

விற்பனைக் கணக்கைப் பார்க்கும்போது இன்னொரு கவனமும் தேவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், புதிய வாகனம் வாங்க முடியாதவர்கள் கையிலிருந்த பழைய காரையே திருத்தி ஓட்டினார்கள். அந்த ஆண்டுகளின் விற்பனை வழக்கமான விற்பனையல்ல. 2025 பெப்ரவரிக்குப் பிந்திய மாதங்களின் பில்களை வேறாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள். உங்கள் வங்கிக் கடனின் மாதத் தவணையை அந்தத் தொகையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

"புத்தகத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு" என்ற பேச்சு கடை விற்கும் எல்லா இடங்களிலும் கேட்கும் பேச்சு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரிக்குக் காட்டாத வியாபாரத்துக்கு விலை கொடுப்பவர், நிரூபிக்க முடியாத ஒன்றையே வாங்குகிறார். புத்தகத்தில் இருப்பதற்கு மட்டுமே விலை பேசுங்கள். நேரில் அறிய விரும்பினால், சனிக்கிழமைகள் உட்பட நான்கு வாரங்கள் கடையில் உட்கார்ந்து, வருபவர்களையும் கேட்கும் சாமானையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் எழுதுங்கள். அடுத்து எதை வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அதுதான்.

கீ மணி விடயத்தில்தான் உங்களுக்காக நான் அதிகம் பயப்படுகிறேன். முதலாளி அந்த இடத்தின் சொந்தக்காரரா, வாடகைக்காரரா என்று நீங்கள் எழுதவில்லை. கீ மணி என்ற சொல் வந்திருப்பதால் வாடகைக்காரர் என்றே எடுத்துக்கொள்கிறேன். வாடகைக்காரர் ஒருவர் தாமாகவே தமது உரிமையை உங்களுக்கு விற்றுவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் இடமென்றால், உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் இடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதே வழக்குக்குக் காரணமாகும். அதேபோல, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் இரண்டு சாட்சிகளுடன் எழுதியதை வைத்து ஐந்து ஆண்டுக்கு இடம் உங்களுடையது என்று நம்பிவிடாதீர்கள். 35 இலட்சத்தைக் கொடுத்துத் திறப்பை வாங்கிய பிறகு இடத்தின் உரிமையாளர் வந்து நின்றால், உங்களிடம் இருப்பது திறப்பு மட்டுமே. ஆகவே உரிமையாளருடன் உங்கள் பெயரில் நேரடியாக நொத்தாரிசுக் குத்தகை எழுதப்படும் நாளில், அதே மேசையில் வைத்து மட்டும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். அதற்கு முன்பு முற்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி அந்தப் பெரியவரின் அறிவு. ஒரு மதிய நேரத்தில் இத்தகைய கடை ஒன்றில் அமர்ந்திருந்தேன். கராஜ் பையன் ஒருவன் பத்திரிகைத் தாளில் சுற்றிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். மைனர் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரனியன் அது. கிறீஸ் பம்ப் அடிக்காமல் விட்டதால் மரை தேய்ந்து கழன்றிருந்தது. கடை முதலாளி அதை உள்ளங்கையில் வைத்து, பெருவிரல் நகத்தை மரையின் வழியே ஒருமுறை ஓட்டினார். "இது இடப்பக்கம். பாஸ் உன்னிடம் வலப்பக்கம் என்றுதானே சொல்லி அனுப்பினார்? போய்க் காரைப் பார்த்துவிட்டு வா, தம்பி" என்றார். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்தக் கடையில் இரண்டும் ஒரே தகரப் பெட்டியில், எந்தத் துண்டுச்சீட்டும் இல்லாமல் கிடந்தன. அவருக்குச் சீட்டுத் தேவைப்படவில்லை. அடுத்து வருபவருக்குத் தேவைப்படும்.

ஆகவே பெயருக்கான 25 இலட்சத்தைப் பெயருக்குக் கொடுக்காமல், இந்த அறிவை உங்களுக்குக் கைமாற்றித் தருவதற்குக் கொடுங்கள். கடையைப் பொறுப்பேற்ற பிறகு ஆறு மாதங்களுக்கு அவர் தினமும் அரை நாள் கடையில் இருக்க வேண்டும் என்றும், இருவரும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கார், மாதிரி, ஆண்டு, பக்கம் என்று சீட்டு எழுத வேண்டும் என்றும், அந்தத் தொகை மாதாமாதம் பிரித்துக் கொடுக்கப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடையின் தொலைபேசி இலக்கமும் உங்கள் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். நாட்டின் பல பாகங்களிலும் உள்ள மெக்கானிக்குகளின் கைப்பேசியில் பதிந்திருப்பது அந்த இலக்கம்தான், பெயர்ப்பலகையை அவர்கள் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

மருமகனைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் எனக்கு அவர் முக்கியமானவராகத் தெரிகிறார். வாடிக்கையாளரையும் சாமானையும் அறிந்த அவர், நீங்கள் கடையை எடுத்த மறுமாதமே நான்கு கடை தள்ளி இன்னொரு கடை திறந்தால் உங்கள் 25 இலட்சத்துக்குப் பொருளில்லை. போட்டியாக இதே வியாபாரம் செய்வதில்லை என்று நியாயமான காலத்துக்கும் எல்லைக்கும் முதலாளியிடம் எழுதி வாங்கலாம். மருமகன் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக் கையொப்பமிட்டால்தான் அது அவரையும் கட்டுப்படுத்தும். அதைவிட நல்ல வழி, அவருடன் தனியாக ஒரு தேநீர் குடித்து, கடையில் தொடர்ந்து இருக்க விருப்பமா என்று கேட்பதுதான். நல்ல சம்பளமும் விற்பனையில் ஒரு சிறு பங்கும் கொடுத்து அவரை வைத்துக்கொள்ள முடிந்தால், இந்தக் கொள்வனவில் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சொத்து அவராகவே இருக்கக்கூடும்.

எஞ்சினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முழு எஞ்சின்கள் இருந்தால், ஒவ்வொன்றும் எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதால், ஆவணமில்லாத எஞ்சினை வாங்கிய வாடிக்கையாளர் அங்கிருந்து நேரே உங்கள் கடைக்குத்தான் திரும்பி வருவார். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் அதை இருப்பில் ஏற்கவே வேண்டாம். திருட்டுப் பொருளென்று தெரிந்துகொண்டு வைத்திருப்பது குற்றம், "முன்னைய முதலாளி வைத்தது" என்ற பதில் பொலிஸில் எடுபடாது.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை, உங்கள் 70 இலட்சத்தில் 15 இலட்சத்தையாவது தொடாமல் வைத்திருங்கள். புதிதாகச் சாமான் வாங்கப் பணமில்லாத பாட்ஸ் கடை மூன்றே மாதத்தில் வெறுமையாகத் தெரியத் தொடங்கும்.

கேள்வி:
என் தம்பி லண்டனில் இருக்கிறார். பழைய கார்களின் பாவித்த சாமான்களைப் பெட்டி பெட்டியாக அனுப்ப முடியும் என்கிறார். ஏற்கெனவே இருக்கும் கடையை வாங்காமல், அவர் அனுப்புவதை வைத்தே கடை தொடங்கினால் என்ன? எந்தக் கார்களுக்கு வாங்குவது நல்லது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:
பாவித்த மோட்டார் உதிரிப்பாகங்களைப் புதியவற்றைப் போல நினைத்த மாத்திரத்தில் இறக்க முடியாது. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியாகும் வர்த்தமானி அறிவித்தல்கள், எதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவை காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முதல் பெட்டி கப்பலில் ஏறுவதற்கு முன்பே இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திலும் சுங்கத்திலும் அந்தந்தச் சாமானின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பெட்டி துறைமுகத்துக்கு வந்த பிறகு விசாரிப்பவருக்குச் சாமானின் விலையை விடத் தாமதக் கட்டணம் கூடிவிடும். தங்களைப் போன்றவர்களுக்கு, உள்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் இருப்போடு ஒரு கடையை வாங்குவது பெறுமதியானதாக இருப்பதும் இதனால்தான்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்ட கார். அதன் பெரும்பாலான பாகங்களைப் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், இலங்கையிலும் செய்திருக்கிறார்கள். ஆகவே பாவித்த மைனர் சாமானுக்கு வாடிக்கையாளர் எப்போதும் இருப்பார். ஆனால் புதிதாகச் செய்த சாமான் இங்கு வந்து இறங்கும் விலையே அதன் விலைக்கு உச்சவரம்பு. பியஜோ 403, ஹில்மன், ஒப்பெல் ரெக்கோர்ட் போன்றவற்றுக்கு அப்படியல்ல. தேடி வருபவர்கள் குறைவு, வருபவரிடம் நல்ல விலை கேட்கலாம், ஆனால் அவர் வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடை வாடகையை மைனரும் ஒஸ்டினும் கட்டட்டும், மற்றவற்றை மிகக் குறைந்த விலையில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

லண்டனை மட்டும் பார்க்காமல் அக்கரையையும் பாருங்கள். இந்தியாவின் அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்தது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சீசீ பி-சீரிஸ் எஞ்சின், இங்கு ஓடும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ-55 போன்ற கார்களிலும் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி பியட் 1100 காரின் வழி வந்தது. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் போன்றவற்றைத் தமிழ்நாட்டு மொத்த வியாபாரிகளிடம் நம் மொழியிலேயே பேசி வாங்கலாம் என்பது நமக்குள்ள ஒரு வசதி. ஆனால் பத்மினி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, அம்பாசடரும் 2014இல் நின்றுவிட்டது. அங்கும் இருப்புக் குறைந்துகொண்டே போகிறது. ஒரு சோடியை இங்கே பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள். அளவில் ஒரே மாதிரித் தோன்றும் பாகத்திலும் அம்பாசடருக்கென்று காலப்போக்கில் செய்யப்பட்ட மாற்றங்கள் உண்டு.

கேள்வி:
நான் வாங்கவிருக்கும் பாட்ஸ் கடை தனியார் கம்பனியாகப் பதியப்பட்டுள்ளது. பங்குகளை வாங்கச் சொல்கிறார்கள். மூன்று ஊழியர்கள் இருக்கிறார்கள். பங்குகளை வாங்குவதா, சாமான்களை மட்டும் வாங்குவதா?
வாசகர், தெஹிவளை

பதில்:
சாமான்களையும் பெயரையும் மட்டும் வாங்குங்கள். பங்குகளை வாங்கினால் கம்பனியின் பழைய வரி நிலுவை, வழங்கிய காசோலைகள், கடன்கள் எல்லாம் கம்பனியோடு சேர்ந்து உங்களிடம் வருகின்றன, அவற்றுட் சில பல மாதங்கள் கழித்தே தெரியவரும். இறக்குமதி அனுமதிப்பத்திரமோ மாற்ற முடியாத குத்தகையோ கம்பனியின் பெயரில் இருந்தால் மட்டுமே பங்கு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கணக்காளர் ஒருவர் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.

ஊழியர் விடயத்தில், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளியின் 3 வீதமும் மாதந்தோறும் கட்டப்பட்ட பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். அவற்றைக் காட்டுவதற்குத் தயங்கினால், கட்டப்படாத தொகையை மூவரின் சம்பளத்திலிருந்தும் கணித்து, வாங்கும் விலையிலிருந்து கழித்து, கைமாற்றும் நாளிலேயே முதலாளியைக் கொண்டு அதைச் செலுத்துவியுங்கள். கடன் கொப்பியிலுள்ள கராஜ்களின் நிலுவையை நீங்கள் வாங்க வேண்டாம். அதை முன்னைய முதலாளியே அறவிட்டுக்கொள்ளட்டும்.